நீர் கோத்த தவளை

என் வீட்டுக்காரர் மௌத்தான மறுநாள் அவருடைய தவளைத் தொட்டியை ஹாலிலிருந்து தூக்கி என் அறையில் கொண்டுவந்து வைத்தார்கள். துக்கம் கேட்க வருகிறவர்களுக்குப் பாய் விரிக்க ஹாலில் இடம் போதவில்லை. "இதை எங்கன வைக்க?" என்று யாரோ கேட்டார்கள். நான் ஜன்னலுக்குக் கீழே கையைக் காட்டினேன். அன்று யார் கேட்டதற்கும் நான் வேறு பதில் சொன்னதாக நினைவில்லை.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் அவருக்குப் பிளாஸ்டிக் சாமான் கடை. குடம், வாளி, மக்கு, கூடை, ஸ்டூல். காலையில் ஷட்டரைப் பாதி தூக்கியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாராம். பக்கத்துக் கடைக்காரர்கள் ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. சட்னியில் காரம் கூடிவிட்டது என்று சொல்லிவிட்டு வீட்டிலிருந்து கிளம்பிய மனிதர். அந்தச் சட்னி மதியம்வரை மேசையில் அப்படியே இருந்தது.

நான் இத்தாவில் உட்கார்ந்தேன். புருஷனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் முன்னால் வராமல் வீட்டோடு இருக்க வேண்டிய காலம் அது. பார்க்க வந்த பெண்கள் எல்லோரும் அதை ஒரு கஷ்டமாகப் பேசினார்கள். எனக்கு அது கஷ்டமாகப் படவில்லை. யாரும் என்னை எங்கேயும் கூப்பிடவில்லை, எதையும் செய்யச் சொல்லவில்லை. வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அழுகை மட்டும் வரவில்லை.

"அழுதுரு ஏட்டி. உள்ளேயே வச்சிருந்தா நெஞ்சு அடைச்சிரும்" என்றாள் மைனி. அவள் என் வீட்டுக்காரருக்கு மூத்த சகோதரி. அவளும் இளவயதிலேயே இத்தா இருந்தவள். தம்பி மௌத்தானதிலிருந்து எங்கள் வீட்டிலேயே தங்கி அடுப்படியைப் பார்த்துக்கொண்டாள்.

"வரலையே மைனி" என்றேன்.

அவள் என் தலையைத் தடவிவிட்டு எழுந்து போனாள். அவள் அழுது முடித்து முகம் கழுவும் சத்தம் குளியலறையிலிருந்து கேட்டது.

அந்தத் தவளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைக்குச் சரக்கு எடுக்க மதுரைக்குப் போயிருந்தபோது மீன் தொட்டி விற்கிற கடையில் அவற்றைப் பார்த்திருக்கிறார். தண்ணீர் கட்டிய பாலிதீன் பையை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தார். பைக்குள் நாலு தவளைகள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவுகூட இல்லை. சேற்று நிறம், உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி. தரைக்கே வராத ஜாதி, ஆயுசு முழுக்கத் தண்ணீருக்குள்தான். ஆனால் மீனைப் போலத் தண்ணீருக்குள் மூச்சு விடத் தெரியாது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை விறுவிறுவென்று மேலே நீந்தி வந்து மூக்கை நீட்டிக் காற்றைக் குடித்துவிட்டுக் கீழே போய்விடும்.

"பிள்ளையைக் கட்டிக் குடுத்தாச்சு. வீடு வெறிச்சுன்னு கெடக்கு. இது நாலும் இருக்கட்டுமே" என்றார்.

எனக்கு அருவருப்பாக இருந்தது. அதைவிட, அவற்றுக்குத் தீனியாக வாங்கிய சிவப்புப் புழுக் கட்டியை ஃபிரீசரில் என் இஞ்சி பூண்டு விழுதுக்குப் பக்கத்தில் வைத்ததில் பெரிய சண்டையே நடந்தது. அப்புறம் அதற்கென்று மூடி போட்ட டப்பா ஒன்றைக் கடையிலிருந்து கொண்டுவந்தார்.

தண்ணீர் விஷயத்தில்தான் அவர் கண்டிப்பாக இருந்தார். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வருவதே சில நாளைக்கு ஒருமுறை. வந்த அன்றைக்கு மருந்து வாடை குப்பென்று அடிக்கும். போர் தண்ணீரோ வாயில் வைக்க முடியாத உப்பு. அவர் குழாய்த் தண்ணீரை ஒரு அகல பேசினில் பிடித்து மொட்டை மாடியில் திறந்துவைத்து வாடை போன பிறகு, ஒரு சின்ன பாட்டிலில் இருந்து சொட்டு மருந்தும் விட்டு, அதைத்தான் தொட்டியில் ஊற்றுவார். "இதுக்குத் தோல்தான் வாய். தண்ணியை வாயால குடிக்காது, தோலாலதான் குடிக்கும். நம்ம ஊத்துறது எல்லாம் நேரா உள்ள போயிரும்" என்பார். நான் அதையெல்லாம் காதில் வாங்கிக்கொள்வதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். வாங்கியிருக்கிறேன் போல.

அவர் போன பிறகு நான் செய்தது ஒன்றுதான். காலையில் புழுவில் கொஞ்சம் உடைத்து, கரைந்ததும் தொட்டியில் போடுவேன். ஏன் செய்தேன் என்று தெரியாது. தொட்டி எதிரே இருந்தது, நான் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். அவை புழு எங்கே விழுந்தது என்று கண்ணால் பார்ப்பதில்லை. வாசனை தட்டிய பிறகு குருடர்கள் போலக் கையால் துழாவித் துழாவி, இரண்டு கையாலும் வாய்க்குள் தள்ளும். ஆண் தவளை ஒன்று இருந்தது. பழைய ஃபிரிட்ஜ் ஓடுகிற மாதிரி ஒரு ரீங்காரம் எழுப்பும். வீட்டில் ஆட்கள் கூடியிருந்த நாட்களில் அது சத்தமே போடவில்லை.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வீட்டைக் கழுவிவிட்டார்கள். நான் மாடி அறையில் இருந்தேன். கீழே இறங்கி வந்தபோது தொட்டி கண்ணாடி போலப் பளபளவென்று இருந்தது. மைனி உள்ளே வந்து, "பாசியா இருந்துச்சு. சோப்புப் போட்டு நல்லாத் தேய்ச்சுக் கழுவிப் புதுத்தண்ணி ஊத்திட்டேன்" என்றாள். அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வந்திருந்தது.

ஓதி முடித்துப் பெண்கள் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் இரண்டு தவளைகள் மேலே வந்து வயிற்றை வெள்ளையாகக் காட்டிக்கொண்டு மிதந்தன. மற்ற இரண்டும் மூலையில் ஒன்றின் மேல் ஒன்றாக ஒடுங்கிக் கிடந்தன. நான் உயிரோடிருந்த இரண்டையும் வலையில் அள்ளி, மாடி பேசினின் அடியில் மிச்சம் கிடந்த பழைய தண்ணீரில் விட்டேன். என் கைகள் அதைச் செய்தன. செய்யச் சொல்லி மனதில் ஒரு குரலும் இல்லை.

செத்ததைப் பார்த்ததும் மைனி வாயைப் பொத்திக்கொண்டாள். "என் தம்பி ஆசையா வச்சிருந்ததை நானே கொன்னுட்டேனே. நான் என்ன செய்வேன், எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்று அறை வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். இறந்தவருக்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். அதுவும் சரிதான்.

"தெரிஞ்சா செஞ்சிய? எந்திரிங்க மைனி" என்றேன். என் குரல் ரேஷன் கடையில் நம்பர் கூப்பிடுகிறவர் குரல் மாதிரி எனக்கே கேட்டது.

அதன் பிறகு மகள் வந்தாள். தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். வாப்பா மௌத்துக்கு வந்து இருந்துவிட்டுப் போனவள், பிள்ளைக்குச் சளி சரியானதும் கொஞ்ச நாள் என்னோடு தங்குவதற்காக மணியாச்சியில் ரயில் மாறி வந்து இறங்கினாள். பேத்தி அப்போதுதான் குப்புற விழப் பழகியிருந்தாள். கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குத்தான் போகும்.

மிச்சமிருந்த இரண்டில் ஒன்று அந்தப் பாடுகிற ஆண். இன்னொன்று பெண், கொஞ்சம் பெரியது. மகள் வந்த சமயத்தில் அந்தப் பெண் தவளையின் வயிறு பெருக்க ஆரம்பித்தது.

"முட்டை வச்சிருக்கும்" என்றாள் மைனி சந்தோஷமாக. ரெண்டு செத்ததற்கு ஈடு வரப்போகிறது என்று அவளுக்கு ஒரு ஆறுதல்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வயிறு மட்டும் பெருக்கவில்லை. தொடை, கை, தாடைக்கு அடியில் எல்லாமே ஊதியது. காற்றடைத்த பலூனுக்குக் கைகால் முளைத்த மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் அதனால் கீழே முங்க முடியவில்லை. மேலேயே சாய்ந்தாற்போல மிதந்துகொண்டு, புழுவைப் போட்டால் வாசனை பிடித்துத் தலையை மட்டும் ஆட்டும். கீழே போய் எடுக்க ஏலாது. ஆண் தவளை அதன் பங்கையும் சேர்த்துத் தின்றது.

மகள் போனில் எதையெதையோ படித்தாள். படித்துவிட்டு வந்து வாசலிலேயே நின்றாள். பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உம்மா, இதுக உடம்புல ஒரு கிருமி இருக்குமாம். தவளைக்கு ஒண்ணும் செய்யாது. ஆனா மனுசங்களுக்கு வயித்தால போகும், காய்ச்சல் வரும். சின்னப் பிள்ளைக்கு வந்தா ஆபத்தாம். நீ அந்தப் பேசினை எங்கன கழுவுத?"

"அடுப்படியில."

"பால் பாட்டில் கழுவுத எடத்துலயா?"

"ஆமா."

அவள் முகம் வெளுத்துவிட்டது. மைனி உடனே ஓடிப்போய் அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் வெந்நீரை ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தாள். பிள்ளைக்கு நல்லவேளையாக ஒன்றும் இல்லை. மகள் அன்றைக்கு முழுக்க அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

சனிக்கிழமை மாப்பிள்ளை வந்தார். அவருக்குப் பூச்சிமருந்து கம்பெனியில் வேலை; புதூர் பக்கத்துக் கிராமங்கள் எல்லாம் அவர் அலைகிற ஊர்கள்.

"மாமி, நான் திங்கக்கிழமை புதூர் பக்கம் போறேன். ஒரு டப்பாவுல போட்டுக் குடுங்க. அங்கன ஒரு ஊருணி இருக்கு, இப்பவும் தண்ணி கெடக்கு. விட்டுட்டு வந்திருதேன். பாவம், பிழைச்சுக்கிடட்டும்" என்றார்.

"சரி" என்றேன்.

மகள் என்னையே பார்த்தாள். நான் மறுப்பேன், வாப்பாவுடையது என்று சொல்லி அழுவேன் என்று அவள் எதிர்பார்த்திருக்க வேண்டும். "நெசமாத்தானா உம்மா?" என்றாள்.

"கொண்டு போகட்டும்" என்றேன். அப்போதெல்லாம் யார் எது சொன்னாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருடைய சட்டைகளைக் கொடுத்துவிடலாமா என்று கேட்டபோதும் அதுதான் சொன்னேன். சரி என்று சொன்னால் ஆட்கள் சீக்கிரம் போய்விடுவார்கள்.

திங்கள் காலையில் மாப்பிள்ளை கிளம்பத் தயாராகிக்கொண்டிருக்கும்போது காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுக் கேட்டது. பின்வீட்டில் ஆடு வளர்க்கிறார்கள். கடலைக்கொடியை அளவில்லாமல் தின்ற ஆடு ஒன்று வயிறு ஊதிக் கிடக்கிறது என்று மாட்டு ஆஸ்பத்திரி டாக்டரம்மாவைக் கூட்டிவந்திருந்தார்கள். ஜன்னல் வழியாக அந்தப் பெண்ணின் குரல் தெளிவாக வந்தது. "இடது பக்கம் தட்டிப் பாருங்க, மேளம் மாதிரி சத்தம் வருதா? இது காத்து. சில சமயம் தண்ணியா இருக்கும், அது வேற வியாதி."

நான் எழுந்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்து யாரும் கூப்பிடாமல் நானாக எழுந்தது எனக்கே தெரிந்தது. அடுப்படிக்குப் போய், "மைனி, பின்னால டாக்டரம்மா வந்திருக்காவ. போகும்போது இங்கன ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொல்லுங்க" என்றேன்.

"உனக்கு என்ன செய்யுது?" என்று பதறினாள்.

"எனக்கு இல்ல. தவளைக்கு."

அதைப் பிழைக்கவைக்க வேண்டும் என்ற நினைப்பில் கூப்பிட்டேன் என்று சொன்னால் பொய். உள்ளே இருப்பது காற்றா தண்ணீரா என்று யாராவது சொல்ல வேண்டும் என்றிருந்தது.

டாக்டரம்மா சின்னப் பெண்தான். ரப்பர் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். தொட்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தாள்.

"அக்கா, உண்மையைச் சொல்லிடுறேன். எனக்கு ஆடு, மாடு, கோழி, நாய். தவளையைக் காலேஜ்ல அறுத்துப் பார்த்ததோட சரி. எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. என் கூடப் படிச்ச பொண்ணு ஒருத்தி சென்னையில கிளி, ஆமை எல்லாம் பார்க்கிறா. அவகிட்டக் கேட்டுச் சொல்றேன்."

வீடியோ எடுத்து அனுப்பினாள். தோழி கூப்பிட்டாள். இரண்டு பேரும் பாதி இங்கிலீஷில் பேசினார்கள். பிறகு டாக்டரம்மா என் பக்கம் திரும்பினாள்.

"இது முட்டை இல்லக்கா. தோலுக்கு அடியில நீர் கோத்திருக்கு. தவளைக்கு நம்மள மாதிரி ஒரு இதயம் மட்டும் இல்ல. உடம்புல ஊறுற நீரைத் தள்ளிவிடறதுக்குன்னு தனியாச் சின்னச் சின்ன இதயங்கள் உண்டு. அது அடிக்காமப் போனா இப்படி ஆகும். கிட்னி கெட்டாலும் ஆகும், கிருமியாலயும் ஆகும். எதுனாலன்னு இங்க வச்சுக் கண்டுபிடிக்க வழியில்ல."

எங்கள் வீட்டில் அப்போது இதயம், நெஞ்சு என்று யார் வாயிலாவது வந்தால் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். மகளும் மைனியும் பார்த்தார்கள். நான் தவளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் செஞ்ச வேலையாலயா இருக்குமோ? சோப்புப் போட்டுக் கழுவினேனே" என்றாள் மைனி.

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்மா. அதை யாராலயும் சொல்ல முடியாது" என்றாள் டாக்டரம்மா.

மாப்பிள்ளை கதவுக்கு வெளியே நின்று, ஊருணியில் விடப்போகிற விஷயத்தைச் சொன்னார். டாக்டரம்மா தலையை ஆட்டி மறுத்தாள். "அதை மட்டும் செய்யாதீங்க சார். வெளிநாட்டுத் தவளை. இதுக மேல ஒரு பூஞ்சை இருக்க வாய்ப்பிருக்கு. இதுக்கு ஒண்ணும் ஆகாது, அங்க இருக்கிற நம்ம ஊர்த் தவளை எல்லாம் செத்துப்போகும். தொட்டித் தண்ணியைக்கூடச் சாக்கடையில ஊத்தக் கூடாது. ப்ளீச்சிங் பவுடர் கலந்து வச்சிருந்து கக்கூஸ்ல ஊத்துங்க." மகளிடம், "நீங்க படிச்சதும் சரிதான். பிள்ளை இந்த ரூமுக்குள்ள வரக் கூடாது. இதுக்குன்னு தனி வாளி, தனி பேசின், கையுறை. தொட்டா சோப்புப் போட்டுக் கை கழுவணும். அடுப்படிக்குள்ள கொண்டு போகவே கூடாது. அவ்வளவு செஞ்சாப் போதும், பயப்படாதீங்க" என்றாள்.

"மாமா கையுறை இல்லாம வெறுங்கையாலதான் எல்லாம் செஞ்சாவ. அவியளுக்கு ஒண்ணும் செய்யலையே" என்றார் மாப்பிள்ளை. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது போலிருக்கிறது. பைக் சாவியைக் கையில் திருப்பிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

ஊசி குத்தி நீரை எடுத்துப் பார்க்கலாம் என்று சென்னைத் தோழி சொல்லியிருந்தாள். டாக்டரம்மா பையில் இருந்ததெல்லாம் மாட்டுக்குப் போடுகிற ஊசிகள். மைனி சர்க்கரைக்காகத் தனக்குப் போட்டுக்கொள்கிற மெல்லிய ஊசியில் பிரிக்காத ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"நீங்க பிடிச்சுக்கோங்கக்கா" என்று ஒரு ஜோடிக் கையுறையை என்னிடம் கொடுத்தாள் டாக்டரம்மா. மாடித் தண்ணீரில் அதை நனைத்துக்கொள்ளச் சொன்னாள். அத்தனை மாதங்களில் நான் அந்தத் தவளைகளைத் தொட்டதே இல்லை. நெல்லிக்காயைத் தோலோடு வேகவைத்து எடுத்தது போல வழவழவென்று இருந்தது. கையுறைக்குள் என் விரலில் ஒரு துடிப்பு தெரிந்தது. அதனுடையதா என்னுடையதா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

தொடைக்கு மேலே ஊசி இறங்கியது. தெளிந்த மஞ்சளாக நீர் ஏறியது. கொஞ்சம்தான். ஆனால் அந்த உடம்புக்கு அது ஒரு குடம். தண்ணீரில் விட்டதும் தவளை ஒரு பக்கமாகக் கிடந்தது. பிறகு காலை உதைத்துக் கீழே போனது, மணலில் போய் உட்கார்ந்தது. மைனி "அல்ஹம்துலில்லாஹ்" என்று சத்தமாகச் சொன்னாள். மகள் கைதட்டப் போய் நிறுத்திக்கொண்டாள். அன்று சாயங்காலம் அது ஒரு புழுவைத் தின்றது.

அதற்கப்புறம் எனக்கு வேலை வந்தது. மாடித் தண்ணீர் வாடை போய்விட்டதா என்று முகர்ந்து பார்ப்பது, சொட்டு மருந்து விடுவது, தனி பேசின், தனி வாளி, கையுறை, கை கழுவல். வெயில் ஏறி அறையே காந்துகிற மத்தியானங்களில் தொட்டியைச் சுற்றி ஈரத்துணி போடுவேன். மகள் பிள்ளையை வாசலுக்கு அப்பால் வைத்துக்கொண்டு, நான் செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். செய்கிறபோது மனசுக்கு ஒன்றும் இதமாக இல்லை. நேரம் போனது, அதைத்தான் சொல்ல முடியும்.

வாரம் திரும்புவதற்குள் மறுபடி ஊதியது. டாக்டரம்மா வந்து மறுபடி எடுத்தாள். இந்தத் தடவை அது கீழே போகவில்லை. சில நாளில் முன்னைவிடப் பெரிதாக ஊதித் தோல் கண்ணாடி போல ஆகி, உள்ளே ரத்தக் குழாய்கள் தெரிந்தன.

மூன்றாவது முறை டாக்டரம்மா ஊசியை எடுக்கவில்லை. "இனிமே எடுத்தாலும் ஊறிக்கிட்டேதான்க்கா இருக்கும். மயக்க மருந்துல விட்டா வலியில்லாமப் போயிரும். உங்களுக்குச் சம்மதம்னாச் செய்றேன்" என்றாள்.

நான் மைனியைப் பார்த்தேன். தவளையைக் கொல்லக் கூடாது என்று எங்கள் மார்க்கத்தில் ஒரு சொல் உண்டு. மைனிக்கு அது நன்றாகவே தெரியும். அவள் கையிலிருந்த தஸ்பீஹ் மணியை உருட்டினாள். "கொல்லாதீயன்னு சொல்லியிருக்கு. நோவுல கெடந்து துடிக்கட்டும்னு சொல்லலையே. எனக்குத் தெரியலட்டி. நீதான் சொல்லணும்."

அவர் போனதிலிருந்து முதல்முறையாக என் பதிலுக்காக ஆட்கள் காத்திருந்தார்கள். சரி என்று வாய் வரைக்கும் வந்தது. "வேண்டாம் டாக்டரம்மா. அதுவா போகட்டும். மூச்சு விடக் கஷ்டப்படாம இருக்க ஏதாச்சும் செய்ய முடியுமா?" என்றேன்.

"தண்ணியைக் குறைச்சிருங்க. மேல நீந்தி வராமலே மூக்கு வெளிய இருக்கிற அளவு போதும்."

அவர் கடையிலிருந்து கொண்டுவந்த ஆழமில்லாத வெள்ளைத் தட்டு ஒன்று வீட்டில் இருந்தது. அதில் ஒரு விரற்கடை தண்ணீர் ஊற்றித் தவளையை எடுத்துவைத்தேன். மூக்கு வெளியே இருந்தது. கன்னத்துக்குக் கீழே தோல் மேலும் கீழும் போய்வந்தது. மத்தியானத் தொழுகை லுஹரை முடித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். சாயங்காலத் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற நேரம்வரை அது போய்வந்தது. அஸர் பாங்கு முடிந்தபோது நின்றிருந்தது. தட்டை லேசாக அசைத்தேன். தண்ணீர்தான் அசைந்தது.

மைனியிடம் சொன்னேன். அவள் "இன்னாலில்லாஹ்" சொன்னாள், மௌத்துச் செய்திக்குச் சொல்கிறதைத் தவளைக்குச் சொல்லலாமா என்று யோசிக்கவில்லை. கொல்லைப்புறத்தில் கரிசல் மண் வெயிலுக்கு வாய் பிளந்து கிடந்தது. கடப்பாரையை வைத்துக் குழி தோண்டி, டாக்டரம்மா சொன்னபடி ஆழமாகப் புதைத்தாள். மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போதாவது அழுவேன் என்று இரண்டு பேரும் காத்திருந்தது தெரிந்தது. நானும் காத்திருந்தேன். அழுகைக்குப் பதிலாகப் பசிதான் வந்தது. வயிற்றைப் பிடித்து இழுக்கிற பசி. கையை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அடுப்படியில் நின்றபடியே மதியச் சோறும் பருப்புக் குழம்பும் அள்ளி அள்ளித் தின்றேன். மைனி ஒரு கருவாட்டைச் சுட்டுத் தட்டில் வைத்தாள்.

இத்தா முடிந்தது. மகள் பிள்ளையோடு தூத்துக்குடிக்குப் போனாள். மைனி என்னோடு இருந்துவிட்டாள். கடையைக் கொடுத்துவிடலாம் என்று கேட்டு வந்தவர்களிடம் நான் சரி என்று சொல்லவில்லை. புர்காவைப் போட்டுக்கொண்டு போய் நானே ஷட்டரைத் தூக்கினேன். வாளிகள் மேல் எல்லாம் தூசி. துடைத்துக்கொண்டிருந்தேன்.

தலையில் சும்மாட்டோடு ஒரு பெண் வந்தாள். ஐம்பதைத் தாண்டியிருப்பாள். பேச்சை வைத்துப் புதூர் பக்கம் என்று தெரிந்தது. கடைக்குள் இப்படியும் அப்படியும் பார்த்தாள்.

"அண்ணாச்சி இல்லையாம்மா?"

"இல்ல. என்ன வேணும், சொல்லுங்க."

"குடம்தான். அண்ணாச்சி எப்பவும் எனக்கு அடி கனமா இருக்கிறதாப் பார்த்து எடுத்துக் குடுப்பாவ. எங்க போயிருக்காவ?"

இத்தனை மாதமும் மற்றவர்கள்தான் அந்தச் செய்தியைச் சொன்னார்கள், போனில், பள்ளிவாசலில், தெருவில். நான் யாருக்கும் சொல்ல வேண்டி வந்ததே இல்லை.

"மௌத்தாயிட்டாவ" என்றேன். அவளுக்குப் புரியவில்லை என்று பட்டது. "இறந்துட்டாவ. நான் அவிய வீட்டுக்காரி."

"ஏ ஆத்தா!" என்று அவள் அப்படியே படியில் உட்கார்ந்தாள். "எனக்குத் தெரியாதே தாயி. மக வீட்டுல திருப்பூர்ல கெடந்தேன். எனக்கு யாரு சொல்லுவா? நல்ல மனுசனாச்சே." முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். ரோட்டில் போகிறவர்கள் பார்த்தார்கள். நான் ஒரு மக்கில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தாள், மறுபடி அழுதாள். அவள் பக்கத்தில் படியில் நானும் உட்கார்ந்தேன். பிறகு எழுந்து குடங்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து அடியைத் தட்டிப் பார்த்து, கனமானது ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் மகள் போன் செய்தாள். கடை எப்படி இருந்தது, மைனி மாத்திரை போட்டாளா, மிச்சமிருக்கிற தவளை எப்படி இருக்கிறது என்று வரிசையாகக் கேட்டாள்.

"தவளை நல்லா இருக்கு. தின்னுது. எனக்குத்தான் தலை வலிக்குது."

"அழுதியா உம்மா?"

"இல்ல. வேற ஒருத்தி வந்து அழுதா" என்றேன்.